ஏழாவது பிரிவுக்கு மறுப்பு இல்லை

அந்தப் பேப்பரை மடிச்சு வெச்சிடாதீங்க சார். ஓரத்துல கட்டம் கட்டிப் போட்டிருக்கானே, சுற்றுச்சூழல் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்து ஒரு மாசம் ஆச்சுன்னு, அந்தச் செய்தியில எனக்கும் பங்கு உண்டு. ஆக்ரா தாண்டினதுலேர்ந்து நீங்க பேப்பர் படிக்கறீங்க, நான் ஜன்னலப் பாத்துட்டு வர்றேன். நாளைக்குக் காலையில சென்னை போற வரைக்கும் இப்படியே வாய மூடிட்டு வந்தா எனக்கு வயிறு வெடிச்சிடும்.

எம் பேரு கலியபெருமாள். எம்.பி. அறவாழி இருக்காரு பாருங்க, அவருக்கு டெல்லியில நான்தான் பி.ஏ. பத்தொன்பது வருஷம் சார். நடுவுல அய்யா ஒரு தேர்தல்ல தோத்தாரு. அப்பக்கூட அவரோட பெட்டியையும் படுக்கையையும் நான்தான் கட்டினேன், ஜெயிச்சு வந்தப்ப நான்தான் பிரிச்சேன். தொகுதியிலேர்ந்து யாரு வந்தாலும் மொதல்ல என் முகத்துலதான் முழிக்கணும். ஆஸ்பத்திரியில பெட் வேணுமா, ரயில்ல அவசர கோட்டாவுல சீட்டு வேணுமா, கலியபெருமாள் ஒரு லெட்டர் அடிச்சா நடக்கும். இந்த லோயர் பர்த்தே நான் அடிச்ச லெட்டர்தான். அதுல என்ன வெக்கம்.

இப்படி ராஜா மாதிரி இருந்தவன்கிட்டத்தான் அந்தப் பொண்ணு வந்து சேந்துது. பேரு பெனிட்டா. மார்த்தாண்டம் பக்கம். சட்டம் படிச்சிட்டு, ஒரு வருஷம் எம்.பி. ஒருத்தர்கிட்ட இருந்து ஆராய்ச்சிக்கு ஒத்தாசை பண்ற திட்டமாம், அதுல வந்துது. வந்த அன்னிக்கே ஒரு பொட்டலம் நேந்திரங்கா சிப்ஸக் கையில குடுத்து, 'அண்ணாச்சி, இங்க எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லித் தரணும்'னுச்சு. அண்ணாச்சியாம். நான் என்ன மளிகைக் கடையா வெச்சிருக்கேன். சரி, சின்னப் பொண்ணு, போவுதுன்னு விட்டேன். அங்கதான் நான் தப்புப் பண்ணிட்டேன் சார், சிப்ஸ வாங்கியிருக்கவே கூடாது.

அய்யாவுக்கு வாரா வாரம் மசோதா, அறிக்கைன்னு கட்டுக்கட்டா காகிதம் வரும். பத்தொன்பது வருஷமா அந்தக் கட்டப் பிரிச்சதே கிடையாது. மாசக் கடைசியில பழைய பேப்பர்காரன் வந்து தூக்கிட்டுப் போவான். எல்லா எம்.பி. வீட்டுலயும் அப்படித்தான், அது ஒண்ணும் குத்தமில்ல. இந்தப் பொண்ணு வந்து ஒவ்வொரு கட்டா பிரிச்சு, பென்சில வெச்சுக்கிட்டு ஓரத்துல என்னமோ எழுத ஆரம்பிச்சுது. ராத்திரி சாப்பாட்டு மேசையில அய்யாகிட்ட அதைச் சொல்லும். அவரும் கேப்பாரு. அந்த மனுஷன் ரசத்தத் தாண்டி எதையும் கவனிச்சு நான் பாத்ததில்ல. இப்போ சோத்தப் பிசைஞ்ச கை அப்படியே நிக்குது, கதை கேக்கற மாதிரி கேக்கறாரு. ஒரு நாள் என்னப் பாத்து, 'ஏன்யா கலியபெருமாளு, இதையெல்லாம் நீ ஏன் எனக்கு இத்தனை வருஷமா சொல்லல?'ன்னாரு.

எப்படி இருக்கும் சொல்லுங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்? பேங்க்கா. உங்க மேனேஜரு நேத்து வந்தவளப் பாத்துட்டு உங்கள இப்படிக் கேட்டா?

அந்தச் சமயத்துலதான் இந்த மசோதா வந்துது. சில மசோதாவ நேரா ஓட்டுக்கு விடாம ரெண்டு சபை எம்.பி.ங்களும் இருக்கற கூட்டுக்குழுன்னு ஒண்ணு போட்டு அதுக்கு அனுப்புவாங்க. அவங்க உக்காந்து வரி வரியா பாப்பாங்க, அதிகாரிங்களக் கூப்பிட்டுக் கேப்பாங்க, கடைசியில அறிக்கை குடுப்பாங்க. அறிக்கையில சம்மதம் இல்லாத எம்.பி., 'எனக்கு இதுல உடன்பாடு இல்ல'ன்னு மறுப்புக் குறிப்பு எழுதிக் குடுக்கலாம். அதையும் அறிக்கையோட சேத்து அச்சடிக்கணும். அந்தக் குழுவுல அய்யா பேரும் இருந்துது. பத்தொன்பது வருஷத்துல எத்தனையோ குழு. போவாரு, கையெழுத்துப் போடுவாரு, டீ குடிப்பாரு, வந்துடுவாரு. இந்தத் தடவ அப்படி இல்ல.

மசோதாவுல ஏழாவது பிரிவு. ஒண்ணும் பெரிசா இல்ல, நாலே வரிதான். ஏற்கெனவே ஓடிட்டிருக்கற ஃபேக்டரி தன்னோட காம்பவுண்டுக்குள்ளயே பெரிசாக்கினா, இனிமே ஊர்க்காரங்களக் கூட்டிக் கருத்துக் கேக்க வேணாம். அவ்வளவுதான். இப்ப வரைக்கும் கலெக்டரு பந்தல் போட்டு, மைக்கு வெச்சு, ஜனங்களப் பேச விட்டு, பேசினத எழுதியாகணும். எங்க ஊரு வெள்ளக்கரைமேட்டுல சாயத்துக்கு மருந்து பண்ற கம்பெனி ஒண்ணு இருக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவன் ரெண்டு மடங்கா பெரிசாக்கணும்னு வந்தான். அப்ப இந்த மாதிரிக் கூட்டம் நடந்துது, அதோட நின்னு போச்சு. இப்ப மறுபடி கெளம்பியிருக்கான். ஏழாவது பிரிவு வந்துட்டா யாரையும் கேக்க வேண்டியதில்ல. எனக்கும் அது தெரியும் சார். எங்க அக்கா இன்னும் அந்த ஊருலதான் இருக்கு. எனக்கு அக்கறை இல்லன்னு நெனச்சுடாதீங்க.

குழுக் கூட்டத்துக்கு அய்யா கெளம்பினா கார்ல முன் சீட்டு எனக்குத்தான். அது எழுதி வெக்காத சட்டம். ஒரு நாள் காலையில, 'நீ வீட்டுல இரு, பார்வையாளருங்க வருவாங்க, பாப்பா வரட்டும்'னுட்டாரு. பாப்பா! அன்னிக்குக் குழுவுல பெரிய அதிகாரி ஒருத்தர்கிட்ட அய்யா கேட்டாராம், 'இந்த ஏழாவது பிரிவு வேணும்னு உங்ககிட்ட யாரு மனு குடுத்தாங்க?'ன்னு. அதிகாரி தண்ணி குடிச்சாராம். ரெண்டாவது தடவ கேட்டப்பவும் தண்ணி குடிச்சாராம். கேள்வி அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தது. சாயங்காலம் அய்யா ஜிலேபி வாங்கிட்டு வந்தாரு. பொட்டலத்தப் பிரிச்சு மொதல்ல அதுகிட்ட நீட்டினாரு. அப்புறம் டிரைவருக்கு. மூணாவதாத்தான் என் பக்கம் வந்துது. எனக்குச் சக்கரைன்னு சொல்லிட்டேன். எனக்கு ஏது சக்கரை.

இதுகூடப் பொறுத்துக்குவேன் சார். அடுத்தது கேளுங்க.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பொண்ணு ஒரு காகிதத்த எடுத்துக்கிட்டு ஓடி வருது. தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போட்டு, எங்க ஊருக் கூட்டத்துல பேசினவங்க பேச்சையெல்லாம் நகல் வாங்கியிருக்கு. 'அண்ணாச்சி, வெள்ளக்கரைமேடு உங்க ஊருல்லா? அஞ்சலாட்சின்னு ஒருத்தங்க பேசியிருக்காங்க, தெரியுமா?'ன்னு கேக்குது. எங்க அக்கா சார். கூடப் பொறந்த அக்கா. அக்கா என்ன பண்ணியிருக்குன்னா, கெணத்துத் தண்ணியில பொங்கின சோத்த டிபன் பாக்ஸ்ல போட்டு எடுத்துட்டுப் போயி கலெக்டரு மேசையில வெச்சிருக்கு. 'இந்தச் சோறு மஞ்சளா இருக்குது. நாங்க மஞ்சத்தூள் போடல. அய்யா ஒரு வாய் சாப்புட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க'ன்னு சொல்லியிருக்கு. கலெக்டரு சாப்பிடவும் இல்ல, கையெழுத்துப் போடவும் இல்ல. எல்லாம் டைப் அடிச்சு முத்திரை குத்தின காகிதத்துல இருக்கு.

எனக்குத் தெரியாது. அக்கா அப்பவே போன்ல சொல்லியிருக்கும். பார்லிமெண்ட் நடக்கற நேரமா இருந்திருக்கும், நான் கவனிச்சிருக்க மாட்டேன். ஆனா என் அக்கா பேசினத மார்த்தாண்டத்துக்காரி வந்து எனக்குப் படிச்சுக் காட்டறா. அதோட விட்டாளா? அக்கா நம்பரக் கேட்டு வாங்கி, அன்னிக்கே ஒரு மணி நேரம் பேசினா. அப்புறம் தினமும். 'அக்காவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு'ன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடி அவ எனக்குச் சொல்றா. எங்கிட்ட அக்கா மூணு நிமிஷம் பேசும். சாப்பிட்டியா, ஒடம்பப் பாத்துக்கோ, வெச்சிடறேன். அவகிட்ட ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கு?

குழு அறிக்கை முடிஞ்சுது. ஆளுங்கட்சிக்காரங்க அதிகம், அதனால ஏழாவது பிரிவு அப்படியே நின்னுது. எதிர்க்கட்சி எம்.பி.ங்க மறுப்பெழுதறதப் பங்கு போட்டுக்கிட்டாங்க. ஒருத்தரு மூணாவது பிரிவு, ஒருத்தரு பத்தாவது. ஏழாவது அய்யாவுக்கு. 'அறவாழி எழுதினா நாங்க எல்லாரும் சபையில அதப் பிடிச்சுக்கிட்டுப் பேசறோம்'னாங்க. ஆளுங்கட்சியிலேயே ஒரு பெரியவரு, 'எழுத்துல வரட்டும், மினிஸ்டரு பதில் சொல்லித்தான் ஆகணும்'னாராம். கெடு மறுநாள் காலை பதினொரு மணி. அய்யாவுக்கோ அன்னிக்கு ராத்திரியே ஊருக்குப் போயாகணும், கட்சிக்காரர் ஒருத்தர் தவறிட்டாரு. போறதுக்கு முன்னாடி நாலு லெட்டர்ஹெட்டுல கையெழுத்துப் போட்டு என்கிட்ட குடுத்தாரு. 'பாப்பா எழுதறத இதுல பிரிண்ட் எடுத்து நேரத்துக்குச் சேத்துடு'ன்னாரு. கையெழுத்துப் போட்ட காகிதம் என் பீரோவுலதான் இருக்கும். சாவி என் இடுப்புல. அதுல மட்டும் மாத்தமில்ல.

காலையில எட்டரைக்கு அந்தப் பொண்ணு எழுதி முடிச்சு, என் கம்ப்யூட்டருக்கு அனுப்பிட்டு, 'நான் முன்னாடி போயி குழு ஆபீஸ்ல நிக்கேன் அண்ணாச்சி, நீங்க பிரிண்ட் எடுத்துக் கொண்டு வந்திருங்க, பதினொண்ணு தாண்டக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்கே நேரம் சொல்லிக் குடுக்குது. சார், பத்தொன்பது வருஷத்துல மொதக் கெடுவுலயே கதவச் சாத்தின குழு ஒண்ண நான் பாத்ததில்ல. பதினொண்ணும்பான், மூணுக்கு வாங்குவான். இன்னிக்கும்பான், நாளைக்கும் வாங்குவான். செக்‌ஷன்ல எல்லாரும் நம்ம ஆளுங்க.

எழுதினதப் படிச்சேன். நல்லாத்தான் இருந்துது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பணிவு இல்ல, மேலான கவனத்துக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. எடுத்த எடுப்புல விஷயம். ரெண்டாவது பக்கத்துல எங்க அக்காவோட மஞ்சச் சோறு. அய்யாவப் பத்தி ஒரு வரி கிடையாது. எங்க ஊருக் கம்பெனி விஷயமா அய்யா பேர்ல மந்திரிக்கு நான் பதினோரு லெட்டர் அடிச்சிருக்கேன் சார். பதினொண்ணுக்கும் நம்பரும் தேதியும் எங்கிட்ட இருக்கு. அதுல ஒண்ணையாவது சேத்திருக்க வேணாமா? நாளைக்கு அச்சாகி லைப்ரரியில நூறு வருஷம் இருக்கப் போற காகிதம். அதுல கலியபெருமாளோட உழைப்பு ஒரு மூலையிலாவது இருக்க வேணாமா?

உக்காந்து சேத்தேன். அழகா, முறையா, ஒவ்வொரு லெட்டரையும் தேதியோட. அஞ்சாவது பக்கத்துக்கு ஓடிடுச்சு. கையெழுத்துப் போட்டதோ நாலு காகிதம். எதையாவது எடுக்கணும். மஞ்சச் சோத்த எடுத்தேன். குடும்ப விஷயத்த எதுக்குப் பார்லிமெண்ட்டுல கொண்டு போயி வெக்கணும், அக்காவுக்குத்தான் கூச்சமா இருக்கும்னு எடுத்தேன். அப்புறம் வரி சரியா உக்காரல, திருப்பி அடிச்சேன். பிரிண்ட் எடுத்து, பவுடர் போட்டுக்கிட்டு, நல்ல சட்டையா மாட்டிக்கிட்டு ஆட்டோ புடிச்சேன்.

நான் போயி எறங்கறப்ப பதினொண்ணு நாப்பது. செக்‌ஷன்ல பழைய ஆளு இல்ல. புதுசா ஒருத்தன். அறிக்கை பதினொண்ணே காலுக்கே அச்சுக்குப் போயிடுச்சுன்னான். நான் இந்தியில சொன்னேன், இங்கிலீஷ்ல சொன்னேன், பழைய ஆளு பேரெல்லாம் சொன்னேன். நிமிந்தே பாக்கல. அந்தப் பொண்ணு செவுத்தோரமா நின்னுட்டிருந்துது. என் கையிலேர்ந்து காகிதத்த வாங்கி நின்னபடியே படிச்சுது. ரெண்டாவது பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துது. திட்டும்னு பாத்தேன். திட்டல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன்.

வெளியில வந்தோம், அய்யா போன் அடிச்சாரு. என் போனுக்குத்தான் வந்துது. நான் எடுக்கல. அவ என் கையிலேர்ந்து வாங்கினா. 'அய்யா, என்னாலதான் லேட்டாயிருச்சு. நான் எழுதி முடிக்க நேரமாயிருச்சு'ன்னா. சொல்லிட்டு அழுதா. போனை என்கிட்ட குடுத்தப்ப, 'ஏன் அப்படிச் சொன்னே?'ன்னு கேட்டேன். 'உங்களுக்கு இது பத்தொன்பது வருஷம் அண்ணாச்சி, எனக்கு எட்டு மாசம்தானே'ன்னா. கணக்குப் போட்டு வெச்சிருக்கா பாருங்க. நல்ல பேரு வாங்கறதுக்கு எத்தனை வழி இருக்குன்னு இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு அய்யா வந்தாரு. நல்ல வசவு விழும்னு நெனச்சேன். நான் ஒரு தடவ பிளேன் டிக்கெட்டுல தேதி தப்பாப் போட்டதுக்கு ஆறு மாசம் முகம் குடுத்துப் பேசாத மனுஷன் சார் அவரு. அன்னிக்கு வந்தவரு அவள மேசையில உக்கார வெச்சு, அவரே சோறு போட்டாரு. 'தப்பு நடக்கும்மா. நீ எழுதினது எழுதினதுதான், யாரும் அத அழிக்க முடியாது. சாப்பிடு'ன்னாரு. நான் மோர எடுத்துக்கிட்டு நின்னுட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அய்யா, அது நான்னு. வாய் வரைக்கும் வந்துது. அவரு அவ தலையத் தடவிக் குடுக்கறதப் பாத்துட்டு, மோர வெச்சுட்டு உள்ள போயிட்டேன்.

மூணு வாரத்துல மசோதா சபைக்கு வந்துது. நாப்பது நிமிஷம் விவாதம். வீட்டுல டி.வி.யில பாத்தேன். அய்யா எந்திரிச்சு ஏழாவது பிரிவப் பத்திப் பேசினாரு. நல்லாத்தான் பேசினாரு. மந்திரி வயிறு நெறயச் சாப்பிட்டவன் மாதிரி மெதுவா எந்திரிச்சாரு. அறிக்கையத் தூக்கிக் காட்டினாரு. 'மாண்புமிகு உறுப்பினர் இப்பொழுது கவலைப்படுகிறார். கூட்டுக்குழு நான்கு மாதம் ஆராய்ந்திருக்கிறது. ஏழாவது பிரிவுக்கு ஒரே ஒரு உறுப்பினர்கூட மறுப்புத் தெரிவிக்கவில்லை. இவரும் தெரிவிக்கவில்லை'ன்னாரு. மேசையத் தட்டினாங்க. அய்யா உக்காந்துட்டாரு. பத்தொன்பது வருஷத்துல அவரு அப்படி உக்காந்து நான் பாத்ததில்ல. அவருக்கு ஆதரவா பேசறேன்னவங்க யாரும் எந்திரிக்கல. குரல் ஓட்டுல முடிஞ்சு போச்சு.

இப்ப எங்க ஊருல கம்பெனிக்காரன் தூண் எழுப்பிட்டிருக்கான். பந்தலும் இல்ல, மைக்கும் இல்ல. ஜனங்க கலெக்டர் ஆபீசுக்குப் போனாங்களாம். சட்டம் மாறிடுச்சு, இனிமே உங்களக் கேக்க வேண்டியதில்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். என்னைக் கூப்பிட்டாங்க, வந்து பாரு, டெல்லியில இருக்கறவன் நீதானேன்னு. அதான் போறேன். போயி என்ன பண்ணப் போறேன்னு கேக்காதீங்க. ஒரு லெட்டர் அடிச்சுக் குடுப்பேன்.

நேத்து அக்கா போன் பண்ணிச்சு. இந்தத் தடவ மூணு நிமிஷம் இல்ல, ரொம்ப நேரம் பேசிச்சு. நான் சந்தோஷப்பட்டேன், கடைசியா நம்மகிட்டயும் பேசுதேன்னு. பாத்தா எல்லாம் அந்தப் பொண்ணப் பத்தி. 'அது எனக்கு போன் பண்ணி ஒரு பாட்டம் அழுதுதுடா கலியா. அம்மா, ஒங்க சோத்த என்னால கொண்டு போயிச் சேக்க முடியலைன்னு சொல்லிச் சொல்லி அழுவுது. நான் சொல்லிட்டேன், அழுவாத கண்ணு, நீ வேணும்னேவா செஞ்ச, எங்களுக்காக இவ்ளோ தூரம் பாடுபட்ட புள்ள, ஒம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஊருல ஒருத்தருக்கும் இல்லன்னு. நீ அதத் திட்டிக் கிட்டித் தொலைக்காத. வரும்போது கூடக் கூட்டிட்டு வா, ஒரு வேளை ஆக்கிப் போடறேன்'னுச்சு.

நாளைக்குப் போயி எறங்கினதும் மொதல்ல கேக்கும், அந்தப் பொண்ணு எங்கடான்னு. நான் அதக் கூப்பிடவே இல்ல சார். கூப்பிட்டா வந்திருக்கும். வந்தா அதுக்குத்தான் வாழை எலை போடுவாங்க.

பேப்பர மறுபடி பிரிச்சுட்டீங்க. நான் கெட்டவன்னு நெனைக்கறீங்க. நெனச்சுக்கங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தப்புப் பண்ணவன் நான். அய்யா அவளுக்குச் சோறு போட்டு, போனா போவுதுன்னாரு. அக்கா அவகிட்ட, வருத்தம் இல்ல கண்ணுன்னுச்சு. அது ரெண்டும் எனக்கு வர வேண்டியது சார். நான் பண்ணதுக்கு எங்க அக்கா எனக்குச் சொல்ல வேண்டியது. இப்ப நான் போயி, அக்கா அது நான்தான்னு சொன்னா, மறுபடி ஒரு தடவ அப்படிச் சொல்றதுக்கு அதுகிட்ட மிச்சம் இருக்குமா?